கையில் பற்றினால்

எண்ணெய் இன்னும் காயவில்லை, காயட்டும், அவசரமில்லை, இந்த மழையில் அவன் எங்கே போய்விடப் போகிறான் என்று வெள்ளத்தாய் தனக்குள் சொல்லிக்கொண்டாள். சொல்லிக்கொண்டாளே தவிர, அடுப்பு வாய்க்குள் நீட்டியிருந்த வலது கை அதைக் கேட்கவில்லை. விரல் நுனிகளில் நீலமாக, சாதுவாக நின்று எரிய வேண்டிய நெருப்பு மஞ்சளாகிப் பணியாரச் சட்டியின் விளிம்பைத் தாண்டி எட்டிப் பார்த்தது. அடங்கு, என்றாள் அதனிடம். பணியாரம் கருகினால் உள்ளே மாவோடு நிற்கிற சலேத்தம்மா சும்மா விடமாட்டாள். கடைக்கு வெளியே தகரக் கூரைக்கடியில் கிடந்த பெஞ்சில் அவன் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தான். முதுகு கூனிவிட்டது. தலையில் முடி இல்லை. குடையைச் சுருக்கிக் கால்களுக்கிடையில் நிறுத்தி, பிடியின்மேல் இரண்டு கைகளையும் வைத்திருந்தான். முகத்தை மட்டும் பார்த்திருந்தால் ஒருவேளை தெரியாமலே போயிருக்கும். கண் ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டு ஊர் திரும்புகிற கிழவன் என்று நினைத்து ஒரு தட்டுப் பணியாரம் கொடுத்து பஸ் ஏற்றி அனுப்பியிருப்பாள். காட்டிக்கொடுத்தது இருமல். ஒரு இருமல், ஒரு நிறுத்தம், பிறகு தொண்டையைக் கனைத்து ஒரு துப்பல். தீப்பெட்டி ஆபீஸின் நீளக் கொட்டகையில் அந்த இருமல் ஒரு முனையில் கேட்டால் மறு முனையில் இருப்பவள் பேச்சை நிறுத்திவிடுவாள், தண்ணீர் குடிக்க எழுந்தவள் பாதி வழியில் திரும்பிவிடுவாள், பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தவள் பிள்ளையின் வாயிலிருந்து பிடுங்கிக்கொள்வாள். ஃபோர்மேன் தவசிலிங்கம். முதலாளி அவனை ஆந்திரப் பக்கத்துச் சரக்குக் கிட்டங்கிக்கு மாற்றிவிட்டார், அங்கேயே மஞ்சள் காமாலையில் போய்ச் சேர்ந்தான் என்று யாரோ சொன்னார்கள். நம்பினாள். நம்பிய அன்று பகல் முழுவதும் அழுதாள். சலேத்தம்மா பயந்துபோய், அந்த நாய்க்கா அழுகிறாய் என்று கேட்டாள். அவன் செத்ததற்கு யார் அழுதது, மஞ்சள் காமாலை முந்திக்கொண்டதே என்றுதான் அவள் அழுதாள்.

முந்தவில்லை. ஆள் இதோ இருக்கிறான், எட்டி நாலு எட்டு வைத்தால் தொடும் தூரத்தில். வேட்டியின் ஓரம் நனைந்து காலோடு ஒட்டியிருக்கிறது. நனைந்த வேட்டி சீக்கிரம் பற்றாது, சட்டையில்தான் வைக்க வேண்டும், காலரில், பிடரியைத் தொட்டாற்போல். இதென்ன யோசனை, நேற்று வந்த யோசனையா? இந்த யோசனையை அவள் எத்தனை சட்டியில் வேகவைத்திருக்கிறாள், எத்தனை முறை திருப்பிப் போட்டிருக்கிறாள். கனவில் அவன் முழுக்கை வெள்ளைச் சட்டையில் வருவான், அக்குளில் மஞ்சள் கறையோடு. அவள் நெஞ்சில் கை வைப்பாள், பொத்தான்கள் உருகி ஒன்றன்பின் ஒன்றாக விழும். விழித்தால் தலையணை ஓரம் கருகியிருக்கும். அதனால்தான் அவள் தலையணையை விட்டாள், வலது கையை ஈரமணல் வாளிக்குள் விட்டுக்கொண்டு தூங்கப் பழகினாள். கனவுச் சட்டை வேறு, இது வேறு. இது யாரோ மருமகன் கழற்றிப்போட்ட கட்டம்போட்ட சட்டை. கழுத்துப் பட்டை கிழிந்திருக்கிறது. கிழிந்த சட்டை போட்டிருந்தால் என்ன, உள்ளே இருப்பவன் அவன்தானே. வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தால்தான் கொல்வேன் என்று காத்திருக்க முடியுமா?

அவளுக்குக் கையில் நெருப்பு இருப்பது தெருவுக்கு அதிசயம் இல்லை. மழைக்காலத்தில் ஊரிலுள்ள தீப்பெட்டியெல்லாம் நமத்துப்போகும், இது தீப்பெட்டி செய்கிற ஊர் என்று மழைக்குத் தெரியுமா என்ன. அப்போது கையில் விளக்கோடும் சூடத்தோடும் வருவார்கள், ஒரு விரல் கொடுங்கள் அத்தை என்பார்கள், கொடுப்பாள். நெருப்புக் கேட்டு வந்தவர்களை அவள் திருப்பி அனுப்பியதில்லை. கட்சிக்காரனுக்கும் கொடுத்தாள், எதிர்க்கட்சிக்காரனுக்கும் கொடுத்தாள், இரண்டு பேரும் பற்றவைத்துக்கொண்டு ஒரே மாதிரிதான் புகைவிட்டார்கள். ஒன்றே ஒன்றுதான் கட்டளை. யார் விதித்ததோ, அடுத்த மனிதர் தோலில் வைத்துவிட்டால் அந்த நெருப்பு திரும்பி வராது. மேலத்தெரு மாடத்திக்கும் இதே நெருப்பு, கொட்டகை எரிந்த அதே பகலில், அதே வாசலில் கைக்கு வந்ததுதான். அவள் ஒருநாள் பொறுக்கமாட்டாமல் புருஷன் மீசையில் வைத்தாள். மீசையும் கன்னமும் வெந்தன. மறுநாள் முதல் அவள் விரல் வெறும் விரல். நெருப்புப் போனது, புருஷன் போகவில்லை என்று சொல்லித் தலையில் அடித்துக்கொண்டு சிரிப்பாள் மாடத்தி. அந்தச் சிரிப்பைக் கேட்கும்போதெல்லாம் வெள்ளத்தாய், மீசைக்கா செலவழிப்பது என்று நினைப்பாள். சேர்த்து வைக்க வேண்டும். ஒருவனுக்காகச் சேர்த்து வைக்க வேண்டும். அந்த ஒருவன் செத்தான் என்று கேள்விப்பட்ட பிறகுதான் அவள் கையை அடுப்புக்குக் கொடுத்தாள். பஸ் நிறுத்தத்துக்கு எதிரே, மூடிக்கிடந்த சைக்கிள் கடையில், மூன்று கிழவிகளின் பணியாரக் கடை இப்படித்தான் பிறந்தது. விறகு இல்லை, கேஸ் இல்லை. யார் வாசலிலும் போய் நிற்காமல் மூன்று வயிறும் நிறைகின்றன. இப்போது அவன் சாகவில்லை என்று ஆகிவிட்டது. அப்படியானால் இந்தக் கை யாருடையது? அடுப்புடையதா, அவனுடையதா?

உள்ளே சலேத்தம்மா மாவைத் திட்டிக்கொண்டிருந்தாள். அவள் திட்டினால்தான் மாவு பொங்கும். மற்றவர்கள் மாவை மூடிவைத்து ராத்திரி முழுக்கக் காத்திருப்பார்கள், சலேத்தம்மா பானைக்கு முன்னால் இடுப்பில் கைவைத்து நின்று, மந்திரியில் ஆரம்பித்து வார்டு மெம்பர் வரைக்கும் ஒவ்வொருவனாக இழுத்துப் போட்டு வைவாள், மாவு ரோஷப்பட்டு நுரைத்து எழும். தேர்தல் சமயத்தில் பானை வழிந்து தரையில் ஓடும். பெஞ்சுக்குப் பக்கத்தில் மீராபீவி தேயிலைத் தண்ணீரை ஆற்றிக்கொண்டிருந்தாள். அவளுக்கும் ஒன்று உண்டு. அவள் கையால் தேயிலை குடித்தவன் மனதில் கிடப்பதைச் சொல்லாமல் எழுந்திருக்க மாட்டான். அதனால் பாதி ஊர் அவளிடம் காப்பி கேட்கும், காப்பிக்கு அந்தக் குணம் கிடையாது. அவன் வெளியூர்க்காரன், தெரியாமல் தேயிலை கேட்டான். வெள்ளத்தாய் கண்ணால் காட்டினாள். மீராபீவி ஒருமுறை அவளைப் பார்த்தாள், ஒருமுறை அடுப்புக்கு வெளியே நீண்டிருந்த மஞ்சள் நெருப்பைப் பார்த்தாள், தேயிலைத் தூளை இன்னும் ஒரு கரண்டி கூட்டிப்போட்டாள்.

வெள்ளத்தாய் மாவை ஊற்றினாள். குழிகள் சீறின. அந்தச் சீறலில் எப்போதும்போலக் கதவு வந்தது. இரும்புக் கதவு, பச்சை பெயிண்ட், கீழே துரு. வெளியே அவள் நிற்கிறாள், அவளோடு வேலைநிறுத்தம் செய்த பெண்கள் நிற்கிறார்கள், கையில் நோட்டீஸ். அந்த நோட்டீஸ்களைக் கூட்டிக் கூட்டித்தான் அவள் எழுத்துப் படித்தாள், முதலில் படித்த சொல் கூலி, இரண்டாவது சொல் உயர்வு, இரண்டும் சேர்ந்து ஒரே வரியில் அச்சில் வந்தது போல வாழ்க்கையில் ஒருநாளும் வரவில்லை. உள்ளே வேலைக்குப் போனவர்கள் இருக்கிறார்கள். கருங்காலி என்று நோட்டீஸ் சொன்னது. அந்தச் சொல்லை அச்சடித்தவனுக்கு உள்ளே யார் இருக்கிறார்கள் என்று தெரியாது. உள்ளே அவள் தங்கை பொன்னுத்தாய் இருந்தாள், கருங்காலி இல்லை, பயந்தவள், அவ்வளவுதான். பயந்தவர்களுக்கு நோட்டீஸில் வேறு சொல் கிடையாது. முதலில் புகை வந்தது, கூரை ஓடுகளுக்கிடையில், வெள்ளையாக, பால் பொங்குவதுபோல. பிறகு சத்தம். போலீஸ்காரர்கள், கேட்டை உடைக்கவா பார்க்கிறீர்கள் என்று அடித்தார்கள். தீப்பிடித்தது என்று கத்தக் கத்த அடித்தார்கள். அவள் தாடையில் விழுந்தது ஒன்று, இன்றைக்கும் மழை பெய்தால் வாய் ஒருபக்கமாகத்தான் திறக்கும், இதோ இப்போதுகூட. இரத்தம் துப்பிக்கொண்டே கதவில் கை வைத்தாள். கதவு அடுப்புக்கல்லாக இருந்தது. தோல் ஒட்டிக்கொண்டது, பிய்த்துக்கொண்டு மறுபடி அடித்தாள், மறுபடி ஒட்டியது. அந்தப் பக்கத்திலிருந்தும் அடித்தார்கள். இரண்டு பக்கமும் அடித்தார்கள், நடுவில் இரும்பு. கொஞ்ச நேரத்தில் ஒரு பக்கம் மட்டும் அடித்துக்கொண்டிருந்தது.

விசாரணை வைத்தார்கள். மேசைக்குப் பின்னால் இருந்தவர், பெண்களின் கவனக்குறைவு என்று முடித்தார். சங்கத் தலைவர்கள் முதலாளியோடு உட்கார்ந்து பேசினார்கள், பேசி எழுந்தபோது அவர்களுடைய துண்டு புதிதாக இருந்தது. பிறகு வருஷா வருஷம் நினைவு நாள். மைக், மாலை, வீரவணக்கம். ஒருமுறை மேடையேறி, வணக்கம் எதற்கு, கதவைப் பூட்டியவன் எங்கே என்று கேட்டாள். தோழர் உணர்ச்சிவசப்பட்டிருக்கிறார் என்று சொல்லி மைக்கைப் பிடுங்கினார்கள். உணர்ச்சிவசப்பட்டவள். ஆமாம், பட்டவள்தான். அவர்கள் எதிலும் படாதவர்கள், மழை பெய்தாலும் அவர்கள்மேல் படாது.

பணியாரம் ஓரம் சிவந்துவிட்டது. கம்பியால் திருப்பினாள். ஒன்று, அடுத்தது, அடுத்தது. வெளியே அவனுக்குத் தேயிலை வேலை செய்ய ஆரம்பித்திருந்தது. இந்த ஊரில் நான் ரொம்ப காலம் இருந்தேன் அண்ணாச்சி என்று பக்கத்தில் ஒதுங்கி நின்ற வாழைக்காய் வியாபாரியிடம் சொன்னான். மேற்கே இருந்ததே தீப்பெட்டி ஆபீஸ், அங்கே. பேரு சொன்னா நடுங்குவாளுக. நல்ல வேலைக்காரன் என்று முதலாளி வாயாலேயே பேர் வாங்கினேன். வியாபாரி, அது எரிந்துபோனதல்லவா என்று கேட்டார். எரிந்தது, எரியாமல் என்ன செய்யும், வாயில் கதை, கையில் குச்சி, பொம்பளைகளுக்குக் கவனம் எங்கே இருந்தது என்றான் அவன். பிறகு குடித்தான். குடித்ததும் நாக்கு இன்னும் கொஞ்சம் உள்ளே போய்த் தோண்டியது. சாவி என் கையில்தான் இருந்தது. சங்கத்துக்காரிகள் உள்ளே வந்துவிடக் கூடாது, உள்ளே இருப்பவள் வெளியே போய் அவர்களோடு சேர்ந்துவிடக் கூடாது என்று உத்தரவு. அதனால் பூட்டினேன். கதவைத் தட்டினார்கள். கேட்டேன். நாடகம் போடுகிறார்கள் என்று நினைத்தேன். அப்புறம் நாடகம் இல்லை என்று தெரிந்தது. அப்போது திறந்தால், பூட்டியது நான்தான் என்று ஆகிவிடுமே. திறக்காமல் விட்டால் யார் பூட்டினார்கள் என்று யார் கேட்கப் போகிறார்கள். கேட்கவும் இல்லை. அவன் இதைச் சொன்ன குரலில் வெட்கம் இல்லை, வருத்தம் இல்லை, மூட்டு வலியைச் சொல்கிற குரல். வாழைக்காய் வியாபாரி அவனை விட்டு ஒரு சாண் நகர்ந்து, மழைச்சாரல் அடித்தாலும் பரவாயில்லை என்று பெஞ்சின் மறு ஓரத்துக்குப் போனார்.

வெள்ளத்தாய்க்குக் காது அடைத்தது. தெரிந்ததுதானே, இத்தனை காலமும் தெரிந்ததுதானே, அவன் பூட்டினான் என்று அவளைத் தவிர யார் ஊரெல்லாம் சொன்னது. ஆனால் தெரியாத ஒன்று இருந்தது. நாடகம் இல்லை என்று தெரிந்தது என்கிறானே, அந்த நேரம், அந்தச் சின்ன நேரம், அதில் அவன் எங்கே நின்றான், எதைப் பார்த்துக்கொண்டு நின்றான், பீடி குடித்தானா. அவள் அவனை எரித்தாள். சட்டியைப் பார்த்துக்கொண்டே எரித்தாள். பிடரியில் வைத்தாள், காது சுருண்டது. வேண்டாம், அது சீக்கிரம் முடிந்துவிடும். காலில் தொடங்கினாள், பாதத்தில், விரலுக்கு விரல். ஓட முயன்றான், பெஞ்சோடு கட்டினாள். கத்தினான், நாடகம் போடுகிறான் என்றாள். வயிறு வெடித்தது. கண்ணை மட்டும் விட்டுவைத்தாள், பார்க்க வேண்டுமே. முடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து எரித்தாள். ஒவ்வொரு தடவையும் அவன் செத்தான், ஒவ்வொரு தடவையும் பெஞ்சில் குடையைப் பிடித்துக்கொண்டு இருமினான். பிறகு பயம் வந்தது, அவனைப் பற்றி அல்ல. வைத்துவிட்டால்? ஒரு நொடியில் முடிந்துவிடும். மறுநாள் காலையில் மணல் வாளிக்குள் வெறும் கை இருக்கும், சுருக்கம் விழுந்த ஒரு கிழவியின் கை, எதையும் சேர்த்துவைக்காத கை. தெருவில் விளக்கோடு நிற்பவர்களிடம் என்ன சொல்வது. இந்த இரண்டு பேரும் என்ன சாப்பிடுவார்கள். வைக்காவிட்டால்? பஸ் வந்து ஏறிப் போய்விடுவான், பேத்தி வீட்டில் சூடாக ரசஞ்சோறு தின்பான், ஒருநாள் கட்டிலில், சுற்றிலும் ஆள் நின்று பால் ஊற்றச் சாவான். அதை நினைத்ததும் நெருப்பு சட்டியைச் சுற்றி மேலே வந்தது. பணியாரம் ஒரு பக்கம் கரியாகப் போனது.

கருகல் வாடைக்கு சலேத்தம்மா வந்தாள். திட்டப் போனவள் வெளியே பார்த்தாள். அவளும் அதே ஆபீஸில் பெட்டி ஒட்டியவள்தான், அன்றைக்குக் காய்ச்சலில் வீட்டில் கிடந்ததால் மிஞ்சினவள். இருமல் கேட்டது. அவள் முகம் மாவு மாதிரி ஆயிற்று. சட்டியை இறக்கிக் கீழே வைத்தாள். பிறகு வெள்ளத்தாயின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, காதோடு சொன்னாள்.

“வைக்கணும்னா வையி. எங்களை நெனைக்காத. நாளைக்கு நான் வெறகு பொறுக்கியாந்து எரிப்பேன், எனக்கு என்ன கால் இல்லையா.”

“வெறகுல ஒனக்கு வேகாது மைனி.”

“வேகாட்டி பச்சமாவத் திங்கட்டும் சனம். ஆனா ஒண்ணு, அவசரத்துல வியாபாரி மேல போட்டுறாத. அவரு நமக்கு வாழக்கா கொண்டாரவரு.”

வெள்ளத்தாய்க்குச் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பு தாடையில் வலித்தது. சலேத்தம்மா தடுத்திருந்தால் சண்டை போட்டிருக்கலாம், தள்ளிவிட்டுப் போயிருக்கலாம், தள்ளிவிட்ட வேகத்திலேயே வைத்தும் இருக்கலாம். ஒருவரும் தடுக்கவில்லை. தடுக்காததுதான் பெரிய சுமையாக இருந்தது. தாழ்ப்பாள் இல்லாத கதவுக்கு முன்னால் நிற்பதுபோல, தள்ளினால் திறந்துவிடும், தள்ள வேண்டியவள் அவள் மட்டும்தான்.

அவள் எழுந்திருக்கவில்லை, அவனே எழுந்து வந்தான். குடையை ஊன்றி, இருமி, கடைக்குள் எட்டிப் பார்த்தான். உதட்டில் பீடி. தீப்பெட்டியை உரசி உரசிப் பார்த்திருக்கிறான், குச்சியெல்லாம் மருந்து உதிர்ந்து கையில் கிடந்தது. இங்கே ஒரு அம்மா விரலில் நெருப்புக் கொடுப்பதாக வியாபாரி சொன்னார், நிஜமா தாயி என்று கேட்டான். கேட்டுக்கொண்டே குனிந்தான். பீடியை நீட்டினான். அவன் முகம் அவள் முகத்துக்கு ஒரு முழத் தூரத்தில் இருந்தது. கண்ணில் பூ விழுந்திருந்தது, ஒரு கண்ணில் மருந்து ஊற்றிய ஈரம். மூக்கு மயிர். பல் இல்லாத ஈறு. தேயிலை வாடை. கனவில் ஒருநாளும் அவன் இவ்வளவு பக்கத்தில் வந்ததில்லை, ஒருநாளும் தானாக முகத்தைக் கொண்டுவந்து கொடுத்ததில்லை. அடுப்பிலிருந்து கையை எடுத்தாள். நெருப்பு விரல்களைவிட்டு இறங்கி உள்ளங்கைக்கு வந்தது, ஒரு மாதுளம்பழம் அளவுக்குத் திரண்டது, சுற்றியது, இவ்வளவு காலமும் மணலுக்குள் சுருண்டு கிடந்ததெல்லாம் வந்துவிட்டது என்று அவளுக்குத் தெரிந்தது. இதுதான், பொன்னுத்தாயி, இதுதான். கையை ஓங்கினாள்.

கை மூடிக்கொண்டது.

அவள் மூடவில்லை. அது தானாக மூடியது. விரல்கள் ஐந்தும் எலிப்பொறி மாதிரி விழுந்து அடைத்தன, நெருப்பு உள்ளே மூச்சுத் திணறி அவிந்தது, அவள் நெருப்பே அவள் உள்ளங்கையைத் தீய்த்தது, தோல் வெந்த வாடை வந்தது. தீப்பெட்டி ஆபீஸில் முதல் நாளே சொல்லிக்கொடுப்பார்கள். குச்சிக் கட்டை அள்ளிப் பெட்டிக்குள் திணிக்கும்போது உரசி, கையிலேயே பற்றிக்கொள்ளும். அப்போது உதறக் கூடாது, வீசக் கூடாது. வீசினால் பக்கத்திலுள்ள குவியல் பற்றும், குவியல் பற்றினால் கொட்டகை போகும். மூடு. கை வெந்தாலும் மூடு. மூடி மூடிப் பழகி, அந்த ஊரில் பெட்டி அடைத்த பெண்களுக்கெல்லாம் உள்ளங்கையில் ரேகை இருக்காது, சோசியக்காரன் கை பார்க்க வந்தால் திரும்பிப் போவான். ஆபீஸ் எரிந்து சாம்பலாகி, அந்த இடத்தில் இப்போது கல்யாண மண்டபம் நிற்கிறது. கைக்கு அது தெரியவில்லை. கை இன்னும் முதலாளியின் சரக்கைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது. அவள் வெறுப்போடு தன் முட்டியைப் பார்த்தாள். இது யார் கை, யார் வளர்த்த நாய் இது?

அவன் பயப்படவில்லை. பீடி வாயில் தொங்க, அவள் மூடிய கையைப் பார்த்தான். அவன் முகம் மெதுவாக மலர்ந்தது.

“ஏ, நீ ஆபீஸ்ல பெட்டி அடைச்சவளா. பாத்தியா, கைப் பழக்கம் போகல. நாந்தான் சொல்லிக்குடுப்பேன். கையில பத்துனா மூடு, வீசாதேன்னு. எத்தனை பேருக்கு நான் பழக்கிவிட்டிருக்கேன்.”

பெருமைப்படுகிறான். தேயிலை இன்னும் அவன் தொண்டையில் இருக்கிறது, பொய் சொல்ல முடியாது, நிஜமாகவே பெருமைப்படுகிறான். வெள்ளத்தாய்க்கு ஆஸ்பத்திரி வராந்தா வந்தது, அழைக்காமல் வந்தது. வாழையிலையில் கிடத்தியிருந்தார்கள். முகத்தை வைத்து எவளையும் அடையாளம் காண முடியவில்லை. பொன்னுத்தாயைக் கால் மெட்டியை வைத்துக் கண்டுபிடித்தாள். கண்டுபிடித்துப் பக்கத்தில் உட்கார்ந்து, தங்கையின் கையைப் பிடிக்கப் போனாள். கை மூடியிருந்தது. அடுத்தவள் கையும் மூடியிருந்தது. அதற்கடுத்தவள் கையும். சூட்டில் நரம்பு சுருங்கினால் அப்படித்தான் ஆகும் என்று டாக்டர் சொன்னார், இருக்கலாம். ஆனால் பொன்னுத்தாயின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தபோது உள்ளே கரிந்த குச்சிகள் இருந்தன, ஒரு கொத்து, அடுக்கு கலையாமல். பயந்தவள், சொன்ன வேலையைச் செய்தவள், கவனக்குறைவு என்று விசாரணையில் எழுதப்பட்டவள். எழுந்து நின்றாள் வெள்ளத்தாய். தாடை ஒருபக்கமாகத் திறந்தது.

“மூடித்தான் வெச்சிருந்தாளுக. செத்து வராந்தாவுல கெடக்கும்போதும் ஒருத்தி கையும் தெறக்கல. நான் பிரிச்சுப் பாத்தேன். என் தங்கச்சி கைக்குள்ள குச்சி இருந்துச்சு, ஒண்ணுகூட வீசல. நீ சொல்லிக்குடுத்த மாதிரியே செஞ்சாளுக, ஃபோர்மேன்.” மூச்சு வாங்கினாள். “நீயும் மூடித்தான வெச்சிருந்த. ஒன் கைக்குள்ள சாவி இருந்துச்சு.”

 அவன் வாயிலிருந்து பீடி விழுந்தது. மருந்து ஊற்றிய கண் அவளைத் தேடியது, தாடையில் நின்றது. தெரிந்துவிட்டது. வெள்ளத்தாயி, என்றான், நோட்டீஸ்காரி வெள்ளத்தாயி. நான் கூலிக்கு வேலை செய்தவன், உத்தரவு மேலே இருந்து வந்தது, எனக்கும் பிள்ளை குட்டி இருந்தது என்றான். அவள் கேட்கவில்லை. இடது கையால் வலது கையின் விரல்களைப் பிரித்துக்கொண்டிருந்தாள். சுண்டுவிரல் எளிதில் வந்தது. மோதிர விரல் மறுத்தது, நெம்பினாள், எலும்பு நொடித்தது. திற, என்றாள் அதற்கு. இனி உனக்கு ஃபோர்மேன் நான். கடைசியாகக் கட்டைவிரல் விட்டபோது, வெந்து கொப்புளித்த உள்ளங்கையில் ஒரு பொட்டு நீலம் கிடந்தது. அது மெல்ல எழுந்து நின்றது. வீசவில்லை. மூடவும் இல்லை. திறந்த கையில் நெருப்பு இப்படி நிற்பதை அவள் அன்றுதான் பார்த்தாள். அவன் மீசையற்ற உதடு நடுங்குவது அந்த வெளிச்சத்தில் தெரிந்தது. நடுங்கட்டும். ஒரு நொடியில் முடித்துக் கொடுப்பதற்கா இவ்வளவு காலம் ஈரமணலில் கைவைத்துத் தூங்கினேன்? மஞ்சள் காமாலை கொடுத்திருக்கக்கூடிய சாவைவிட நான் கொடுக்கிற சாவு என்ன நீளமாகவா இருந்துவிடும்?

பஸ் வந்தது. சேற்றை வாரி அடித்துக்கொண்டு எதிரே நின்றது. அவன் குடையை விட்டுவிட்டு ஓடினான், ஓட்டம் என்று அதைச் சொல்ல முடியாது, மழையில் ஒரு தவளை போனதுபோல இருந்தது. படியில் இரண்டு முறை கால் வழுக்கி, கம்பியைக் கட்டிப் பிடித்து ஏறி, பாதி இருக்கைக்கு மேல் காலியாக இருந்த பஸ்ஸில் நடுவில் போய் ஜன்னலோரம் ஒடுங்கினான். வெள்ளத்தாய் ஓடவில்லை. செருப்பைத் தேடினாள். சலேத்தம்மா செருப்பை எடுத்துக் காலடியில் போட்டு, சேலை முந்தியைச் சொருகிவிட்டு, எப்போது வருவாய் என்று மட்டும் கேட்டாள். தெரியாது என்றாள். மீராபீவி ஒரு தூக்குச்சட்டியில் தேயிலை ஊற்றி மூடியை இறுக்கிக் கொடுத்தாள், வழியில் அவனுக்குக் கொடு, இன்னும் உள்ளே நிறையக் கிடக்கிறது என்றாள். மழை திறந்த உள்ளங்கையில் விழுந்தது, நெருப்பு அவியவில்லை, தண்ணீர்தான் ஆவியாகிப் போனது. டிரைவர் அதைப் பார்த்து ஹாரனில் இருந்த கையை எடுத்துக்கொண்டார், அவர் வீட்டு விளக்கும் அந்த விரலில் பற்றியதுதான்.

படியேறினாள். பயணிகள் கால்களை ஒதுக்கிக்கொண்டார்கள். காலி இருக்கைகளையெல்லாம் தாண்டிப் போய், அவன் பக்கத்தில், தோளோடு தோள் இடிக்க உட்கார்ந்தாள். தூக்குச்சட்டியைக் காலடியில் வைத்தாள். வலது கையை மடியில் மல்லாத்தி வைத்தாள். நெருப்பு பஸ்ஸின் ஆட்டத்துக்கு ஆடாமல் நேராக நின்று எரிந்தது. அவன் ஜன்னல் கம்பியோடு ஒட்டிக்கொண்டு, என்ன செய்யப் போகிறாய் தாயி என்று கேட்டான். குரல் வரவில்லை, காற்றுதான் வந்தது.  கண்டக்டர் நெருப்பைப் பார்த்து ஒரு கணம் தயங்கினார், பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, பெரியம்மா எங்கே போகணும் என்று கேட்டார்.

“இவரு எங்க எறங்குறாரோ,” என்றாள் வெள்ளத்தாய், “அங்க.”